மீட்டர் 12.6 காட்டுது, வேன் ‘டக்’னு மட்டும் சொல்லுது

சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் பளிச்சென்று எரியும். ஹாரன் அடித்தால் புளோக் முழுக்கக் கேட்கும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் இருக்கைக்கு அடியில் ‘டக்’. ஒரே ஒரு ‘டக்’. அதோடு சரி, எஞ்சின் சுற்றாது. மறுபடி திருப்பினால் மறுபடி ‘டக்’. விடாமல் திருப்பிக்கொண்டே இருந்தால் ஏதாவது ஒரு தடவை சட்டென்று பிடித்துக்கொண்டு ஓடும், ஒன்றுமே நடக்காத மாதிரி.

வேன் அத்தானுடையது. ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினால் அடியில் எஞ்சின் தெரியும் வகை. பெட்ரோல், மேனுவல் கியர். பத்து வருடம் முடிந்து, சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழை, இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். தேக்காவில் கட்டும் மாலைகளைக் கோயில்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. மல்லிகை யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் வண்டி முதல் தடவை மக்கர் பண்ணியதுமே அத்தான் பேட்டரியை மாற்றிவிட்டார். சிங்கப்பூர் வெக்கையில் ஒரு பேட்டரி இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடித்தாலே பெரிது, அதனால் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் மாற்றிய கொஞ்ச நாளிலேயே திரும்பவும் ‘டக்’. உதவிக்குக் கூப்பிட்ட ஆள் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “பேட்டரி ஓகே லா, ஸ்டார்ட்டர் போச்சு, முழு செட் மாத்தணும்” என்று சில நூறு வெள்ளிக்கு ஒரு விலை சொல்லிவிட்டுப் போனார். அத்தான் எனக்கு போன் போட்டார். “மாப்ளே, உன் மீட்டரை எடுத்துக்கிட்டு ஈசூனுக்கு வா. அந்த ஆளு சொல்றது நிஜமான்னு பாக்கணும்.”

அந்த ஆள் சொன்னதில் பாதி நிஜம். அந்தப் பாதியைக் கண்டுபிடித்த விதத்தைத்தான் எழுதுகிறேன். பேட்டரி நன்றாக இருந்தும் வண்டி கிளம்பாத பிரச்சினையில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வண்டி சும்மா நிற்கும்போது மீட்டரை வைத்து, 12.6 வோல்ட் காட்டுகிறது, அப்போ மின்சாரம் போகிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நம் கையில் இருக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். 12.6 வோல்ட்டை அளக்கும்போது அது இழுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர் சொச்சம். இந்த அளவு வேனின் பெட்ரோல் எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் கேட்பது 100, 150 ஆம்பியர். வழியில் எங்கோ துருப்பிடித்து வெறும் 0.02 ஓம் தடை சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். மீட்டருக்கு அது இருப்பதே தெரியாது, 12.6 என்றே காட்டும். ஆனால் 150 ஆம்பியர் ஓடப் பார்த்தால் அந்த ஒரு இடத்திலேயே 3 வோல்ட் காணாமல் போய்விடும். தண்ணீர்க் குழாயைத் திறக்காதவரை அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். உள்ளே அடைப்பு இருப்பது திறந்த பிறகுதான் தெரியும். ஆகவே அளப்பதெல்லாம் சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். இதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அத்தான் சாவியில், நான் மீட்டரில்.

மீட்டரை எடுப்பதற்கு முன்னால் காதையும் கண்ணையும் வைத்தே பாதித் தூரம் போய்விடலாம். ‘டகடகடக’ என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது பேட்டரி முனையிலேயே பிடிப்பு சரியில்லை என்று அர்த்தம். சொலினாய்டு (ஸ்டார்ட்டரோடு சேர்ந்திருக்கும் மின்காந்த சுவிட்ச்) பிடிக்கிறது, உடனே வோல்ட் விழுகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி பிடிக்கிறது. ஒரே அழுத்தமான ‘டக்’ என்றால் கதை வேறு. சொலினாய்டு பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறது, மோட்டார் மட்டும் சுற்றவில்லை. ஒரு சத்தமும் இல்லையென்றால் சாவிப் பக்கம் போகணும்: இக்னிஷன் சுவிட்ச், ரிலே என்கிற சின்ன மின் சுவிட்ச், ஃபியூஸ், மேனுவல் வண்டியில் கிளட்ச் சுவிட்ச், சில வண்டிகளில் இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்புப் பூட்டு. எங்களுக்கு ‘டக்’ கேட்டதால் அந்தப் பட்டியலை ஒரே மூச்சில் தள்ளிவிட முடிந்தது. சத்தம் ரிலேயிலிருந்து வருகிறதா ஸ்டார்ட்டரிலிருந்து வருகிறதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும். இருக்கையைத் தூக்கிவிட்டு ஸ்டார்ட்டர் மேல் விரலை வைத்தேன். ‘டக்’ அடிக்கும்போது நன்றாகவே அதிர்ந்தது.

அடுத்து ஹெட்லைட். மல்டி ஸ்டோரி கார்பார்க்கில் எதிரே சுவர் இருப்பது இதற்கு வசதி. விளக்கைப் போட்டுவிட்டு அத்தானைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். வெளிச்சம் கடுகளவும் குறையவில்லை. குறைந்து அப்படியே செத்துப்போயிருந்தால் பேட்டரி பலவீனம், இல்லையென்றால் ஸ்டார்ட்டரோ எஞ்சினோ இறுகிப்போய் மின்சாரத்தை விழுங்குகிறது என்று நினைக்கலாம். குறையவே இல்லை என்றால் பெரிய ஓட்டம் எதுவும் நடக்கவில்லை. வழி எங்கோ அறுந்திருக்கிறது.

சிலர் இந்தக் கட்டத்தில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவார்கள், பெட்ரோல் பம்ப் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். எஞ்சின் சுற்றி, பிடிக்காமல் இருந்தால்தான் அந்த வேலை. சுற்றவே சுற்றாத எஞ்சினில் பிளக்கைக் கழற்றுவது கைக்கு அழுக்கு, அவ்வளவுதான். மேனுவல் வண்டி என்பதால் இதை நிரூபிக்கவும் வழி இருந்தது: இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளி, கிளட்சை விட்டபோது உடனே பிடித்துக்கொண்டது. பெட்ரோல், ஸ்பார்க், கம்ப்யூட்டர் எல்லாம் நலம். ஆட்டோ கியர் வண்டியில் இந்த வித்தை நடக்காது.

சரி, ஸ்டார்ட்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் மீட்டரில் வந்த எண்கள் புரியும்.

ஸ்டார்ட்டரில் வந்து சேரும் வயர்கள் இரண்டு. ஒன்று பேட்டரியிலிருந்து நேராக வரும் தடித்த கேபிள். அதில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். இன்னொன்று சாவியைத் திருப்பும்போது மட்டும் உயிர் வரும் மெல்லிய வயர். மெல்லிய வயரில் வோல்ட் வந்ததும் சொலினாய்டுக்குள் இருக்கும் இரண்டு சுருள்கள், இழுக்கும் சுருளும் பிடித்து நிறுத்தும் சுருளும், சேர்ந்து ஓர் இரும்புத் தண்டை இழுக்கின்றன. அந்தத் தண்டு இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு முனை சின்னப் பல்சக்கரத்தை எஞ்சினின் பெரிய பல்சக்கரத்தோடு கோக்கிறது. மறு முனையில் இருக்கும் செம்புத் தட்டு, இரண்டு செம்புக் கான்டாக்ட்கள் மேல் போய் அழுந்துகிறது. அந்த அழுத்தலில்தான் பேட்டரி கேபிளும் மோட்டாரும் இணைகின்றன. 150 ஆம்பியரும் அந்தத் தட்டு வழியாகத்தான் போகிறது. நாம் கேட்கும் ‘டக்’, தண்டு போய் இடிக்கும் சத்தம். தட்டு ஒழுங்காகத் தொட்டதா இல்லையா என்பதை அந்தச் சத்தம் சொல்லாது.

இவ்வளவு சின்ன மோட்டார் எப்படி அத்தனை ஆம்பியரைத் தாங்குகிறது என்றால், சில வினாடிக்கு மேல் அதை யாரும் ஓட்டுவதில்லை. சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கி 1912 கேடிலாக் கார்களில் வந்த மின் ஸ்டார்ட்டர் முதல் இன்றுவரை இதே தந்திரம்தான். அதனால் சாவியைப் பத்து வினாடிக்கு மேல் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள், நடுவில் ஆறவிடுங்கள். அத்தானுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

இப்போது மீட்டர். கியர் நியூட்ரலில், கைப்பிரேக் மேலே, சக்கரத்துக்கு முட்டு. எஞ்சின் திடீரென்று பிடித்துக்கொள்ளாமல் இருக்க எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கி வைத்தேன். கையில் இருந்த கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டேன். தடித்த கேபிளுக்கும் பாடிக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் விரல் வெந்துவிடும்.

பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மீட்டர்: சும்மா நிற்கும்போது 12.6, ‘டக்’ அடித்தபோது 12.3. விழவே இல்லை, ஹெட்லைட் சொன்ன அதே சேதி. மெல்லிய வயர் வந்து மாட்டும் இடத்துக்கும் ஸ்டார்ட்டர் பாடிக்கும் நடுவே, சாவி திருப்பிய நிலையில் 11.2. இது ரொம்ப நல்ல எண். இங்கே 9, 8 என்று வந்திருந்தால் இக்னிஷன் சுவிட்சையோ ரிலேயையோ பிடித்திருப்பேன். பேட்டரி பிளஸ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே ஏறக்குறைய பூஜ்யம். பேட்டரி மைனஸுக்கும் ஸ்டார்ட்டர் பாடிக்கும் நடுவேயும் பூஜ்யத்துக்குப் பக்கம்.

கடைசியாக, சொலினாய்டின் முதுகில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெரிய போல்ட்கள். ஒன்று பேட்டரி வருவது, மற்றது மோட்டாருக்குள் போவது. மீட்டரின் இரண்டு முனைகளையும் அந்த இரண்டு போல்ட்களில் வைத்துக்கொண்டு, “திருப்புங்க அத்தான்” என்றேன். ‘டக்’. மீட்டரில் ஏறக்குறைய 12 வோல்ட்.

செம்புத் தட்டு ஒழுங்காகத் தொட்டிருந்தால் இந்த இரண்டு போல்ட்களும் ஒரே கம்பி மாதிரி ஆகியிருக்கும், மீட்டர் 0.2, 0.3க்கு மேல் காட்டியிருக்காது. முழு 12 வோல்ட்டும் அங்கேயே நிற்கிறது என்றால் கான்டாக்ட் சேரவில்லை. ஒருவேளை அங்கே பூஜ்யம் காட்டி, மோட்டார் பக்க போல்ட்டுக்கு 12 வந்தும் மோட்டார் சும்மா இருந்திருந்தால், மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டை, அதாவது பிரஷ், தேய்ந்திருக்கும். அப்போது முழு ஸ்டார்ட்டரை மாற்றச் சொன்னவர் பக்கம் நானும் சேர்ந்திருப்பேன்.

சுத்தியலால் மெல்லத் தட்டினால் ஓடும் என்று ஒரு பழைய வைத்தியம் உண்டு. பிரஷ் ஒட்டிக்கொண்டாலோ கான்டாக்ட் தேய்ந்தாலோ சில சமயம் ஓடத்தான் செய்யும். ஆனால் பல ஸ்டார்ட்டர்களில் நிலைக்காந்தம் உள்ளே ஒட்டியிருக்கும். ஓங்கித் தட்டினால் அது விரிசல் விட்டுவிடும். வீட்டுக்குப் போய்ச் சேர ஒரு தரம் செய்யலாம், பழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

கழற்றும் வேலையைக் கார்பார்க்கில் வைத்துக்கொள்வது சரிப்படாது. மல்டி ஸ்டோரிக்குள் பெரிய டோ லாரி நுழையாது, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் கிங் டாலி என்ற சின்னத் தள்ளுவண்டி வைத்துத்தான் இழுக்கணும், அதற்குத் தனிக் காசு. எங்களுக்குத் தள்ளி ஓட்டும் வசதி இருந்ததால் நேராகக் காக்கி புக்கிட்டில் எனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனோம். அங்கே ஒரு சீன அங்கிள். வேலை இல்லாத நேரத்தில் ஓர் ஓரத்தையும் ஜாக்கையும் எனக்குக் கொடுப்பார், பதிலுக்கு ஒரு கோப்பி ஓ, அதாவது பால் இல்லாத காபி, போதும். போகிற வழியில் ஜாலான் புசாரில் ஓர் உதிரிபாகக் கடையில் கான்டாக்ட் இரண்டும் தட்டோடு கூடிய தண்டும் கிடைத்தன. எல்லாம் சேர்த்து 30 வெள்ளிக்குள்தான். எல்லா ஸ்டார்ட்டருக்கும் இப்படித் தனியாகக் கிடைக்காது. சொலினாய்டு மூடி ஸ்க்ரூவில் கழலும் வகையாக இருந்தால் கிடைக்கும். மூடியை மடித்து அழுத்தி மூடிய வகையென்றால் சொலினாய்டை முழுசாகத்தான் மாற்றணும்.

பேட்டரி மைனஸ் கேபிளை முதலில் கழற்றிவிட்டுத்தான் ஸ்டார்ட்டரில் கை வைக்கணும். தடித்த கேபிளில் எப்போதும் மின்சாரம் இருக்கும் என்று முன்பே சொன்னேன். ஸ்பானர் ஒரு பக்கம் அதையும் மறு பக்கம் பாடியையும் தொட்டால் ஸ்பானர் ஒட்டிக்கொண்டு சிவந்துவிடும். ஸ்டார்ட்டரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டில் மேலே இருப்பது கைக்கு எட்டும், கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஒரு நீண்ட எக்ஸ்டென்ஷனும் பொறுமையும் வேண்டும். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

மூடியின் மூன்று ஸ்க்ரூவையும் எடுத்ததும் உள்ளே கறுப்புப் பொடி கொட்டியது, அரைத்த மிளகு மாதிரி இல்லை, இன்னும் மெல்லியது, விரலில் ஒட்டிக்கொண்டு தேய்த்தால் செம்பு நிறம் காட்டுவது. தண்டை வெளியே எடுத்துப் பார்த்தால் தட்டின் ஓரத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம், நகத்தை வைத்தால் மாட்டும் ஆழம். கான்டாக்ட் இரண்டும் எல் வடிவம். மோட்டார் பக்கத்தது கொஞ்சம்தான் தேய்ந்திருந்தது. பேட்டரி பக்கத்தது பாதிக்கு மேல் போய், நடுவில் பிறை மாதிரி குழிந்து, ஓரத்தில் உருகி உறைந்த செம்பு மணிகள் நின்றன. தட்டு ஒரு பக்கம் போய் முட்டிவிடுகிறது, மறு பக்கம் தொடுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. தட்டு தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் சுழலும் என்பதால், நல்ல பக்கம் திரும்பி வரும்போது தொட்டுவிடும், வண்டி ஓடும். சில சமயம் ஓடியதன் ரகசியம் இதுதான்.

அங்கிள் எட்டிப் பார்த்துவிட்டு, “டெலிவரி வேன் எல்லாம் இப்படித்தான் லா” என்றார். யோசித்தால் உண்மைதான். ஒவ்வொரு கோயில் வாசலிலும் நிறுத்தி, இறங்கி, மாலையைக் கொடுத்து, மறுபடி ஸ்டார்ட். வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. வீட்டுக்கும் ஆபீசுக்கும் மட்டும் போகும் காரின் கான்டாக்ட் ஒரு நாளில் பார்க்கும் வேலையை இந்த வேனின் கான்டாக்ட் காலைப் பூசைக்கு முன்பே முடித்துவிடும். கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ஸ்டார்ட்டர் கிழவனாகிவிடுகிறது.

புதுக் கான்டாக்ட் மாட்டுவதில் கவனம் ஒரே இடத்தில்தான்: இரண்டும் ஒரே மட்டத்தில் உட்கார வேண்டும். ஒன்று ஒரு மயிரிழை உயர்ந்தாலும் பழைய வியாதி புதுசாகத் தொடங்கும். போல்ட்டைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் வாஷர்கள் மின்சாரம் பாடியில் பாயாமல் தடுப்பவை. அதன் வரிசை மாறினால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். கழற்றும்போதே போனில் படம் எடுத்துக்கொண்டேன். நட்டை இறுக்கும்போது கான்டாக்ட் கூடவே திரும்பப் பார்க்கும், உள்ளே சின்ன ஸ்க்ரூட்ரைவரால் முட்டுக் கொடுத்துத்தான் இறுக்கணும்.

மாட்டி, கேபிளைக் கொடுத்து, சாவியைத் திருப்பியதும் உடனே சுற்றியது. அத்தான் முகம் மலர்ந்து, “போலாமா மாப்ளே?” என்றார். எனக்கு அந்தச் சுற்றும் சத்தம் பிடிக்கவில்லை. கொஞ்சம் இழுத்தது, வயசான ஆள் படியேறுவது போல இல்லாவிட்டாலும் புது பேட்டரிக்கு ஏற்ற சுறுசுறுப்பு இல்லை. ஃபியூஸை மறுபடி பிடுங்கிவிட்டு, அளந்ததையெல்லாம் திரும்ப அளந்தேன்.

சுற்றும்போது பேட்டரி முனைகளில் 10.4. நல்லது, 9.6க்குக் கீழே போனால்தான் பேட்டரியைச் சந்தேகிக்கணும். இரண்டு போல்ட்களுக்கு நடுவே 0.1, புதுக் கான்டாக்ட் வேலை செய்கிறது. பிளஸ் கேபிளில் 0.2. பேட்டரி மைனஸுக்கும் ஸ்டார்ட்டர் பாடிக்கும் நடுவே 0.9! கார்பார்க்கில் இதே இடத்தில் பூஜ்யம் காட்டியது. அப்போது கான்டாக்ட் சேராததால் பெரிய ஓட்டமே இல்லை. ஓட்டம் இல்லாத இடத்தில் வோல்ட் தொலைய வழியில்லை. முதல் பழுது இரண்டாவது பழுதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. இதனால்தான், ஒரு பழுதைச் சரிசெய்ததும் கடையைக் கட்டாமல் எல்லா எண்ணையும் திரும்ப எடுக்கணும் என்கிறேன். எர்த் பக்கம், அதாவது மின்சாரம் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழியில், 0.2 வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் தேட ஆரம்பித்துவிடலாம்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலேயே விட்டுவிட்டு, மறு முனையை ஒவ்வோர் இடமாக நகர்த்தினேன். கேபிள் பாடியில் சேரும் இடத்தில் 0.1. எஞ்சின் பிளாக்கில் 0.9. ஆக, பாடியையும் எஞ்சினையும் இணைக்கும் பின்னல் பட்டைதான் குற்றவாளி. வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றியதும் பட்டையின் முனையில் இருக்கும் வளையத்தின் (லக்) அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. அத்தான் மாலைகள் வாடாமல் இருக்க ஈரத்துணி போர்த்தித்தான் கொண்டுபோவார். இருக்கைக்குப் பின்னால் சொட்டும் தண்ணீர் எங்கே போகிறது என்று இப்போது தெரிந்தது. கம்பி பிரஷ்ஷால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, பின்னலில் பாதிக் கம்பி இற்றுப்போயிருந்ததால் பட்டையையும் மாற்றி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசினேன். இறுக்குவதற்கு முன்னால் உள்ளே அப்பி வைக்கத் தேவையில்லை.

இப்போது எர்த் பக்கம் 0.1. பேட்டரி முனைகளில் 10.3 என்று முன்பைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டியது. பயப்பட ஒன்றுமில்லை, வழி திறந்ததால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கிறது. ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர்வது 9.2லிருந்து 9.9 ஆகிவிட்டது. சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொண்டது. ஓடும்போது சார்ஜிங் 14.2, ஆல்டர்னேட்டரிலும் குறை இல்லை.

ஆம்பியரையே நேராக அளக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று. மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் ஸ்டார்ட்டர் ஓட்டத்தை விட்டுவிடாதீர்கள், ஃபியூஸ் போகும், மீட்டரும் கூடப் போகலாம். கேபிளைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். சிம் லிம் டவரில் வாங்கும்போது டிசி ஆம்பியர் அளக்குமா என்று கேட்டு வாங்குங்கள்; மலிவானவற்றில் பல ஏசி மட்டும்தான் அளக்கும். அது இல்லாமலே மேலே சொன்ன வேலை எல்லாம் முடியும்.

ஆட்டோ கியர் காரில் ஒரு சத்தமும் வராமல் இருந்தால், பி-யில் இருக்கும் கியரை என்-க்குத் தள்ளி ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். பிடித்தால் கியர் நிலையைச் சொல்லும் சுவிட்ச்தான் தேய்ந்திருக்கிறது. ரிலே மேல் சந்தேகம் வந்தால், அதே பெட்டியில் அதே எண் போட்ட ரிலே ஒன்று ஹாரனுக்கோ வேறெதற்கோ இருக்கும். இரண்டையும் மாற்றி மாட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் முதலில் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரியைப் பார்த்துவிடுங்கள்.

வேனின் பேட்டரி பெட்டி மூடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, இன்றைய எண்களையும் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன்: நிற்கும்போது 12.6, சுற்றும்போது 10.3, பிளஸ் 0.2, எர்த் 0.1, கான்டாக்ட் 0.1. அடுத்து யார் அளந்தாலும் எது மாறியிருக்கிறது என்று பார்த்தால் போதும். ஈரத்துணிக்கு அடியில் வைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். அத்தான் “சரி சரி” என்றிருக்கிறார், இன்னும் வாங்கவில்லை.